சம்பந்தியின் பரம்பரையும் எங்கள் வீட்டுச் சோடாவும்

1

இந்த இங்கிலாந்து வெள்ளைக்காரருக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நோய் மாதிரி ஒரு வருத்தம் பிடிக்கும். சிலருக்கு அது தோட்டம். சிலருக்கு நாய். மிச்சப் பேருக்கு மூதாதையர். செத்துப்போன பாட்டன் பூட்டனைத் தேடிக்கொண்டு மழையென்றும் பனியென்றும் பாராமல் நாட்டுப்புறமெல்லாம் அலைவார்கள். என் சம்பந்தி கென்னுக்குப் பிடித்தது இந்த மூன்றாவது வருத்தம். அது அவரோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது.

கென் லண்டனில் குரொய்டன் பக்கம் புவியியல் படிப்பித்தவர். மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள். அவருடைய மகன் டொம்மைத்தான் என் மகள் அபி கட்டியிருக்கிறாள். நல்ல பிள்ளை. குறை சொல்வதற்கு ஏதாவது அகப்படுமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை.

அபி ஒரு வெள்ளைக்காரனைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றபோது, வீட்டில் முதலில் தலையாட்டியவர் என் மனைவி சாந்தாவின் தமையன். பிள்ளைகள் அவரைப் பெரியமாமா என்று கூப்பிடுவதால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியமாமாதான். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் கடை வைத்திருக்கிறார், கோயில் திருவிழாவில் முன்வரிசை நாற்காலி அவருக்கு. இப்படிப்பட்ட மனிதர் குதிப்பார் என்று பார்த்தால் சிரித்தார்.

"வெள்ளையெண்டால் பிரச்சினை இல்லைத் தம்பி. அங்கை போய் ஆர் விசாரிக்கிறது?" என்றார்.

விசாரிப்பது என்றால் என்னவென்று ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எந்த இடம், எந்தக் குறிச்சி, ஆரின் பிள்ளை, தாய்வழி எங்கே என்று தேநீர் ஆறுவதற்குள் தோண்டி எடுத்துவிடுவோம். கென் ஆவணக் காப்பகங்களில் வருடக்கணக்காகக் குந்தியிருந்து தேடுவதை எங்கள் ஆட்கள் இரண்டு தொலைபேசி அழைப்பில் முடிப்பார்கள். அவர் தன்னைக் கண்டுபிடிப்பதற்குத் தேடுகிறார். நாங்கள் மற்றவனைக் கழிப்பதற்குத் தேடுகிறோம்.

2

தன் முன்னோர் பல தலைமுறையாகச் சஃபோக் நாட்டுப்புறத்தில் வயலோடு வாழ்ந்தவர்கள் என்று கென் கலியாணப் பேச்சின்போது சொல்லியிருந்தார். வயல் என்றதும் அது அவர்களுடைய வயல்தான் என்று பெரியமாமா முடிவு கட்டிவிட்டார். யாழ்ப்பாணத்தான் விடக்கூடிய பிழை அது. அடுத்த கிழமையே பார்க்கிங் முழுவதும் அபியின் மாப்பிள்ளை பகுதி பரம்பரைக் காணிக்காரர் ஆகிவிட்டார்கள். கலியாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் வந்து, சம்பந்திக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்டார். கென்னுக்குக் குரொய்டனில் இருப்பது ஒரு தக்காளிக் கூடாரம்.

போன இலையுதிர் காலத்தில், அபி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, கென் எங்கள் எல்லோரையும் அந்தச் சஃபோக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். காணியைப் பார்க்கும் ஆசையில் பெரியமாமாவும் கால் சப்பாத்தை மினுக்கிக்கொண்டு வந்தார்.

எனக்கு இங்கிலாந்தின் கிராமங்களைப் பிடிக்காது. சேறு, முகத்தில் அறையும் காற்று, பூட்டிய கடை, ஒவ்வொரு படலையிலும் உள்ளே வராதே என்று ஒரு பலகை. நாயோடு வந்த ஒரு கிழவி, கென்னையும் டொம்மையும் விட்டுவிட்டு, என்னையும் பெரியமாமாவையும் பார்த்து, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டாள். என்னுடைய முன்னோர் இந்த ஊர்தான் என்று கென் குறுக்கே வந்து சொன்னதும் அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. கென் அந்த ஊருக்கு அதற்கு முதல் வந்தது ஒரு சில தரம்தான். நான் லண்டன் மோர்டனில் வரி கட்டிக் கிழவனாகியும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் எங்கேயிருந்தோ வந்தவன்.

தேவாலயத்தின் முன்பக்கம் பெரிய பெரிய கல்லறைகள். பெரியமாமா நேரே அங்கே போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கென்னின் குடும்பப் பெயரைத் தேடினார். கென் கையைத் தட்டி எங்களைப் பின்பக்கம் கூப்பிட்டார். வெயில் விழாத வடக்குச் சுவரோரம். புல்லும் தொட்டால் கடிக்கிற காஞ்சோண்டியும்தான் இருந்தன, ஒரு கல்கூட இல்லை.

இங்கேதான் என் ஆட்கள் கிடக்கிறார்கள் என்றார் கென். கூலிக்கு உழுதவர்களுக்குக் கல் வைக்க வசதி ஏது? அவருடைய பூட்டன் ஒவ்வொரு வருடமும் சந்தையில் போய் மாடு மாதிரி நின்று, தன்னை வேலைக்கு எடுக்க ஆள் வருமா என்று பார்த்திருந்தவராம். அந்தப் பூட்டனைப் பெற்றவள் ஹன்னா என்ற வீட்டு வேலைக்காரி. கலியாணம் இல்லாமல் பெற்றாள், பிள்ளையின் தகப்பன் யாரென்று எங்கும் பதிவில்லை. கடைசியில், ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கும் இல்லத்தில் கிடந்து செத்தாள். இதைச் சொல்லும்போது கென்னுக்குக் கண் கலங்கியது. துக்கத்தில் இல்லை, பெருமையில்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கதை இருந்தால் ஏழு தலைமுறைக்கு மூச்சு விடமாட்டோம். இந்த மனிதர் சுடுதண்ணிப் போத்தலில் இருந்து தேநீர் வார்த்துக்கொண்டே, பாதையால் போகிறவனுக்கும் கேட்கச் சொன்னார்.

பெரியமாமா என்னை ஓரமாக இழுத்தார். "கூலிக்காரராம் தம்பி. தேப்பன்ரை பேரும் தெரியாதாம். பார்க்கிங்கிலை ஒருத்தரிட்டையும் வாய் திறந்திடாதையும்."

பிறகு காருக்குள் ஏறியதும் கென் தன் கையால் செய்த முட்டை சான்ட்விச் பெட்டியைத் திறந்தார். பெரியமாமா எடுத்தார், சாப்பிட்டார், நல்லாயிருக்கிறது என்று சொல்லி இன்னும் ஒன்று எடுத்தார். நான் வெளியே பார்க்கவில்லை. அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

ஏன் பார்த்தேன் என்று சொல்லவேண்டும்.

பெரியமாமா என் வீட்டில் கை நனைத்ததில்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. சமைப்பது அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி. ஆனாலும் சோறு இல்லை, தேநீர் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. ஆர்ச்வே முருகன் கோயிலில் யார் சமைத்தது என்று தெரியாத அன்னதானத்தை வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவார். என் வீட்டில் மூடி உடைக்காத சோடா மட்டும்தான். முன்பு போத்தல், இப்போது சர்க்கரை வியாதி வந்தபிறகு சீனி போடாத டின். தானே உடைத்துத் தானே குடிப்பார். இதற்காகச் சாந்தா மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி சோடா எப்போதும் வைத்திருப்பாள். சின்ன வயதில் அபி, பெரியமாமா ஏன் எப்போதும் விரதம் என்று கேட்பாள். அவர் சாமி பக்தி உள்ளவர் என்று தாய் சொல்லுவாள். நான் எழும்பி வேறு அறைக்குப் போய்விடுவேன்.

என்னுடைய ஐயா காணி பூமி உள்ள குடும்பத்தில் பிறந்தவர். அம்மாவின் தகப்பன் பனை ஏறிக் கள்ளுச் சீவியவர். ஐயா அம்மாவை விரும்பிக் கட்டினார், அன்றோடு ஐயாவின் சகோதரர்களுக்கு அவர் செத்தவர். உண்மையாகவே அவர் செத்த அன்றைக்கு வந்தார்கள். வளவுக்குள் கதிரை போட்டுக் குந்தியிருந்தார்கள், வீட்டுக்குள் வரவில்லை. அம்மா அந்த நிலையிலும் தேநீர் ஊற்றித் தட்டில் கொண்டுபோய் நீட்டினார். ஒருவரும் எடுக்கவில்லை. அவர்களில் ஒருவர் ஆள் அனுப்பிக் கடையில் சோடா எடுப்பித்தார். எல்லோர் முன்னாலும் மூடியை உடைத்தார்கள். அம்மா அந்தத் தட்டோடு திரும்பி வந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த ஊரை நினைத்து ஏங்குகிறவர்கள் ஏங்கட்டும். எனக்கு அப்படி ஏக்கம் எதுவும் வந்ததில்லை.

நானும் சாந்தாவும் ஜெர்மனியில் அகதி முகாமில் சந்தித்தோம். அங்கே எல்லோரும் ஒரே குசினியில் சமைத்தோம், ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகுதான் லண்டனில் இருந்த தமையனார் ஊருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். நாங்கள் மோர்டனுக்கு இடம் மாறி வந்து, நான் கடைகளின் குளிர்பெட்டி திருத்தும் தொழில் தொடங்கி, ஒரு வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று அவர் முதன்முதலாக வந்தார். சாந்தா பாற்சோறு கொண்டு வந்து வைத்தாள். சோடா இருந்தால் தா பிள்ளை என்றார். அவளுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

4

பேத்தி பிறந்ததும் கென்னுக்கு வருத்தம் முற்றிவிட்டது. பிள்ளைக்கு இரண்டு பக்கத்து வம்சத்தையும் ஒரே தாளில் வரைந்து கொடுக்கப்போகிறாராம். தன் பக்கம் முடிந்தது, உங்கள் பக்கம் சொல்லுங்கள் என்று என்னைத் துரத்தத் தொடங்கினார். மின்னஞ்சல், தொலைபேசி, நேரில் என்று விடாமல் கேட்டார். தாய்வழியை மறக்கவேண்டாம் என்று வேறு அழுத்திச் சொன்னார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் ஒரு குடிவரவு அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு தாய் பெயர், தாயின் தகப்பன் பெயர் என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் மறுபடியும் கேட்டார், பொய் சொல்கிறேனா என்று பார்க்க. அன்றைக்கு நம்பாத நாடு இன்றைக்கு அதே பெயரை அலங்கார எழுத்தில் எழுதப் பேனையோடு வருகிறது. நான் வேலை, முதுகு நோவு, மறதி என்று சாட்டுச் சொல்லித் தப்பினேன்.

அபிக்குக் கோபம் வந்துவிட்டது. டொம்மின் பக்கத்தில் முந்நூறு வருடம் இருக்கிறது, என் பக்கத்தில் உங்களோடு எல்லாம் நின்றுபோகிறது, பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்ல என்று ஆங்கிலத்தில் பொரிந்தாள். எனக்கும் சொல்லிவிட ஆசைதான். என் அம்மாவின் பெயரை என் மகள் அறியவேண்டும், அவளுடைய மகளும் அறியவேண்டும்.

தடுத்தது சாந்தா. தடுத்ததற்குக் காரணம் எங்கள் மகன் ராகுலன். பார்க்கிங்கில் ஒரு பெண்பிள்ளையை அவன் விரும்புகிறான், அவளும் அவனை விரும்புகிறாள். பெண்ணின் தாய் தகப்பன் எங்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். யாரிடம் விசாரிப்பார்கள்? முன்வரிசை நாற்காலிக்காரரிடம்தான். அவர் ஓம் என்றால் கலியாணம், தலையைச் சொறிந்தால் இல்லை.

"அண்ணை நல்லதாய்ச் சொல்லுறன் எண்டவர். நீங்கள் இப்ப ஒண்டையும் கிளறாதையுங்கோ. பெடியன்ரை வாழ்க்கை" என்றாள் சாந்தா.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த இடைவெளியில் பெரியமாமா புகுந்துவிட்டார். உங்களுக்கு வேண்டிய பெயரெல்லாம் நான் தருகிறேன் என்று கென்னிடம் அவரே வலியப் போய்ச் சொல்லியிருக்கிறார். கென்னுக்கு இரட்டைச் சந்தோஷம். எனக்கு இது தெரிய வந்தது பேத்தியின் முப்பத்தொன்று அன்றைக்குத்தான்.

5

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், பிறந்த தீட்டுப் போக்கும் துடக்குக் கழிவு எங்கள் வீட்டில் நடந்தது. ஐயர் வந்து போனார். சாந்தா விடியமுதல் எழும்பிச் சமைத்திருந்தாள். பருப்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, பயிற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், பாயாசம். கென் கையால் பிசைந்து சாப்பிடப் பழகிவிட்டார், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து வாசத்தை மூக்கால் உறிஞ்சினார். பெரியமாமா வரவேற்பறையில் சோடா டின்னோடு இருந்தார்.

சாப்பாட்டுக்கு முதல் இதைப் பார்த்துவிடுவோம் என்று கென் மேசையில் ஒரு நீளத் தாளை விரித்தார். இடப்பக்கம் அவருடைய கூலிக்காரர்கள் எல்லோரும் தொழிலோடு இருந்தார்கள். ஹன்னாவுக்குப் பக்கத்தில் அவள் செத்த இல்லத்தையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். வலப்பக்கம் நாங்கள். சாந்தாவின் வழி சரியாக இருந்தது. என் வழியில் அம்மாவின் இடத்தில் பொன்னம்மா என்று இருந்தது. அதற்கு மேலே, அம்மாவின் தகப்பன் கந்தையா, தொழில் காணிச் சொந்தக்காரர்.

என் அம்மாவின் பெயர் பொன்னி. அவருடைய தகப்பன் கந்தன். அந்தக் காலத்தில் பெயருக்குப் பின்னால் ஐயா, அம்மா என்று வைக்க எங்கள் ஆட்களுக்கு ஊர் உரிமை கொடுக்கவில்லை. வாழும்போது கொடுக்காததைச் செத்தபிறகு பெரியமாமா தாராளமாகக் கொடுத்திருந்தார், காணியும் சேர்த்து. கொடுத்தது அவர்களுக்காக இல்லை. தன் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட இடம் தன் தகுதிக்குக் குறையக்கூடாது என்பதற்காக.

அபி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு நெஞ்சில் குத்தியது. எல்லாம் சரிதானா என்று கென் என்னைக் கேட்டார்.

"சரியெண்டு சொல்லும் தம்பி. எல்லாருக்கும் நல்லது" என்றார் பெரியமாமா. சொல்லிவிட்டு ராகுலன் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குசினி வாசலில் சாந்தா கரண்டியோடு நின்றாள். வேண்டாம் என்று அவளுடைய கண் சொன்னது.

நான் குசினிக்குள் போய் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டேன். பருப்பு விட்டேன், கத்தரிக்காய் வைத்தேன். கொண்டுவந்து பெரியமாமாவின் முன்னால், அந்தத் தாளின் மேலேயே வைத்தேன்.

"சாப்பிடுங்கோ அண்ணை. நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டால் நான் சரியெண்டு சொல்லுறன்."

"எனக்கு இண்டைக்கு விரதமெல்லே."

"மரக்கறிதானே. உங்கடை தங்கச்சி சமைச்சது."

"சுகர் ஏறிப்போச்சு. சோறு ஏலாது."

"இந்தத் தாளிலை எழுதியிருக்கிறது உண்மையெண்டால் நீங்கள் இஞ்சை சாப்பிடலாம். ஒரு வாய் போதும்."

அவர் கோப்பையைப் பார்த்தார், தொடவில்லை. கென்னும் டொம்மும் ஒன்றும் விளங்காமல் எங்கள் முகங்களைப் பார்த்தார்கள். அபிக்கு விளங்கத் தொடங்கியது. அவள் கோப்பையைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், பிறகு தன் தாயைப் பார்த்தாள்.

"பெரியமாமா, நீங்கள் எங்கடை வீட்டிலை ஒருநாளும் சாப்பிட்டதில்லை, என்ன?" என்றாள்.

பெரியமாமா எழும்பிக் கார்ச் சாவியை எடுத்தார். வாசலில் நின்று தங்கச்சியிடம், "ராகுலன்ரை விஷயம் இனி என்ரை கையிலை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாதி குடித்த டின் மேசையில் இருந்தது.

நான் பேனையை எடுத்துக் கந்தையாவையும் பொன்னம்மாவையும் வெட்டினேன். கந்தன், பொன்னி என்று எழுதினேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதவேண்டும் என்று கென்னுக்குச் சொன்னேன். கந்தன் சீவிய கள்ளைக் குடித்தவர்கள் அவரைத் தங்கள் படலைக்கு உள்ளே விடவில்லை என்பதையும் சொன்னேன். கென்னின் கண்கள் மின்னின. அற்புதம் என்றார். பனை எவ்வளவு உயரம், ஏறுவதற்குக் கயிறு உண்டா என்று கேட்கத் தொடங்கினார்.

எனக்கு வந்த கோபத்தை அடக்கமுடியவில்லை. பெரியமாமா மேல் வந்ததை விடக் கென் மேல் அதிகமாக வந்தது. உங்களுடைய ஹன்னா செத்துப்போய்விட்டாள், நிம்மதியாகச் செத்துவிட்டாள் என்றேன். அவளுக்காக இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடாமல் எழும்பிப் போவதில்லை. அவளால் உங்கள் மகனுடைய கலியாணம் குழம்பவில்லை. அவளை நீங்கள் சுவரில் மாட்டலாம். என்னுடைய கந்தனை ஊர் இன்னும் சாகவிடவில்லை, இப்போதுகூட இந்த மேசையில் இருந்து ஒருவர் அவருக்காகத்தான் எழும்பிப் போனார். தாளைச் சுருட்டப்போன கென் அதன்மேல் கோப்பை இருந்ததால் கையை எடுத்துக்கொண்டார்.

அதுவரைக்கும் சுவரோடு சாய்ந்து நின்ற ராகுலன் வந்து, பெரியமாமா இருந்த கதிரையில் அமர்ந்து, அந்தக் கோப்பையை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினான். என்னைப் பார்க்கவில்லை. கோப்பை வெறுமையாகும் வரைக்கும் சாப்பிட்டான்.

6

பிறகு சாந்தா என்னோடு கதைக்கவில்லை. நான் சமாதானம் சொல்லவும் போகவில்லை. அவளுடைய பயம் நியாயமானது. நான் ஒரு கோப்பைச் சோற்றை வைத்து என் மகனுடைய கலியாணத்தைச் சூதாடியிருக்கிறேன். ஆனால் மறுபடியும் அந்த மேசைக்கு முன்னால் நின்றாலும் அதையேதான் செய்வேன்.

ராகுலன் அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டான். அவள் தன் தாய் தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள். அங்கே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நேற்றுப் பின்னேரம் தொலைபேசி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து நேரில் கதைக்கிறோம் என்றார்கள். குரலில் இருந்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை. ஓம் சொல்லவும் வரலாம், மரியாதையாக இல்லை சொல்லவும் வரலாம்.

இன்று காலை குப்பை வண்டி வரும் நாள். நான் வேலைக்குப் போக வெளியே வந்தபோது வாசலில் சாந்தா நின்றாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த சோடாப் பெட்டியை மறுசுழற்சித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு டின்னாக உடைத்துச் சாக்கடைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெறும் டின்களைத் தொட்டிக்குள் எறிந்தாள். முடித்துவிட்டுக் கையைச் சீலையில் துடைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமைக்குச் சமைக்கப்போறன். வாறவை சாப்பிடட்டும். சாப்பிடாட்டிக் குடிக்கிறதுக்கு எங்கடை பைப்புத் தண்ணிதான் இருக்கு" என்றாள்.